பொய்ச்சேவல்

செத்த பிறகும் வேட்டையை விடாத ஒரே ஆள் ஹூவோட்டிதான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். முதலில் சிரித்துக்கொண்டு சொன்னார்கள். பனி விழ ஆரம்பித்த பிறகு சிரிக்காமல் சொன்னார்கள். அவன் மனைவி நாஸ்தோவுக்கு இரண்டும் காதில் விழுந்தது. விதவையின் காதைத் தேடி ஊர்ப்பேச்சு தானாக வந்துவிடும், யாரும் வழி காட்ட வேண்டியதில்லை.

விஷயம் இதுதான். ஹூவோட்டியின் கல்லறைக் கம்பத்தின் மேல் ஒரு மரப்பறவை இருந்தது. அதில் புதுமை ஒன்றும் இல்லை. வடக்குப் பனிநாடான கரேலியாவில் செத்தவனின் உயிர் வந்து உட்கார ஒரு பறவை வேண்டும், எல்லாக் கம்பத்திலும் உண்டு. கையளவு இருக்கும், வர்ணம் இருக்காது, குருவியா புறாவா என்று செதுக்கியவனுக்கே தெரியாது. அந்த ஊரில் செதுக்கித் தருகிறவன் ஹூவோட்டி. அவனே செத்துவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது? அவன் தம்பி தெப்பானாவுக்குக் கோடரி பிடித்தால் விறகுதான் வரும், பறவை வராது. அடக்கம் அன்று அவன் ஒரு காரியம் செய்தான். அண்ணனின் பொய்ச்சேவலையே கொண்டுவந்து கம்பத்தில் ஏற்றிவிட்டான்.

பொய்ச்சேவல் என்பது வேட்டைச் சாமான். இலையுதிர்ந்த பிறகு கருஞ்சேவல்கள் என்ற காட்டுக்கோழிகள் கூட்டம் கூட்டமாக வந்து பிர்ச் மரங்களின் மொட்டுகளைத் தின்னும். அப்போது மரத்தின் உச்சிக்கும் மேலே தெரிகிற மாதிரி ஒரு நீளக் கழியை நட்டுக் கட்டி, அதன் நுனியில் கறுப்பு மரச்சேவலைச் செருகி வைப்பார்கள். தாரும் கரியும் பூசிய உடம்பு, யாழ் மாதிரி இரண்டு பக்கமும் வளைந்த வால், புருவத்தில் சிவப்புத் துணி. பறந்து வருகிற கூட்டம், நம்ம ஆள் ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான், பயமில்லை என்று நம்பி இறங்கும். கீழே கிளைகளால் மூடிய குடிசைக்குள் துப்பாக்கி காத்திருக்கும்.

கல்லறையில் அதைப் பார்த்ததும் மாத்ரோ அத்தை கையை உதறினாள். ஊரில் ஒப்பாரி சொல்கிறவள் அவள். செத்தவர்களோடு பேசத் தெரிந்தவள் என்று பெயர். உயிரோடு இருக்கிறவர்களிடம் அவ்வளவு பதமாகப் பேசமாட்டாள்.

"ஏன்டா தெப்பானா, உனக்கு மண்டையில என்ன இருக்கு? இது உசுரு வந்து உட்கார்ற பறவையாடா? கூப்பிட்டுக் கொல்றதுதானே இதோட பொழப்பு!"

"வேற எதுவும் இல்லையே அத்தை. அண்ணன் கையால செஞ்சது. அவருக்குப் பிடிச்சதும் இதுதான்."

"அவனுக்குப் பிடிச்சதுதான் அவனை முடிச்சுது."

அது உண்மை. ஹூவோட்டி இந்தச் சேவலை மரத்தில் கட்டப் போய்த்தான் விழுந்து செத்தான்.

முதல் உறைபனியோடு வரும் பொக்ரோவா என்ற மாதா பண்டிகை நாள் அது. ஏரிக்கு அக்கரையில் நாஸ்தோவின் பிறந்த வீட்டில் விருந்து. அன்று அவர்கள் வீட்டில் செத்தவர்களுக்கும் படைப்பார்கள். நாஸ்தோ முதல் நாளே கோதுமையை வேகவைத்து, தேன் விட்டு, கடையில் வாங்கிய உலர்ந்த திராட்சையைப் போட்டுக் கிளறி வைத்திருந்தாள். காலையில் பூப்போட்ட தலைத்துணி கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தால், படகைத் தயார் செய்ய வேண்டியவன் கழியைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கிறான். வயலோரத்தில் பெரிய சேவல் கூட்டம் இறங்கியிருக்கிறதாம். ஒரு நிமிஷத்தில் வந்துவிடுவானாம்.

"பண்டிகையும் அதுவுமா யாராவது துப்பாக்கி எடுப்பானாய்யா? எங்க அப்பா கரையில காத்துக்கிட்டு இருப்பாரு."

"ஒரே ஒரு சுத்து நாஸ்தோ. உங்க அப்பாவுக்கே ரெண்டு பறவை கொண்டு போவோம்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்து கோதுமைச் சட்டிக்குள் கையை விட்டான். அது அவனுடைய பழைய வியாதி. திராட்சையாகப் பார்த்துப் பொறுக்கித் தின்பான், கோதுமையை அப்படியே ஒதுக்கி விடுவான். கல்யாணமான நாளிலிருந்து எந்தப் படையலுக்கும் முழுச் சட்டியாகப் போனதில்லை. கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கிறது என்று அவள் திட்டாத பண்டிகையும் இல்லை.

அன்று அந்தத் திட்டு போதவில்லை. அவன் கன்னம் உப்ப மென்றுகொண்டு படி இறங்கும்போது அவள் வாசலில் நின்று கத்தினாள்.

"போய்யா, போ! உன் பொண்டாட்டி அந்த மரத்துமேலதான் இருக்கா. நீயும் அங்கேயே உட்காந்துக்கோ. இறங்கி வராதே!"

அவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். வாய் நிறைய திராட்சை இருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. கிளைகளில் உறைபனி படிந்திருந்தது. கழியைக் கட்டி முடித்துவிட்டான், சேவல் உச்சியில் நின்றது, இறங்குவதற்குக் காலை வைக்கும்போது வழுக்கியது. கூட்டத்தைக் கிளப்பிவிடப் போயிருந்த தெப்பானா ஓடிவருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

இறங்கி வராதே என்று அவள் சொன்னது ஊருக்குத் தெரியாது. அவளுக்கும் அவனுக்கும் மட்டுமே தெரியும். கோபத்தில் ஆயிரம் பேசுகிறோம், அதெல்லாம் பலிப்பதென்றால் ஊரில் ஒருத்தரும் மிஞ்சமாட்டார்கள் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். மனசு கேட்கவில்லை. அவன் தன்னை மன்னித்தானா இல்லையா என்பது ஒன்றுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதைக் கேட்பதற்கு அந்த ஊரில் ஒரு வழி இருந்தது. கல்லறையில் சோற்றை வை. பறவை தின்றால் செத்தவன் தின்றான். தின்னாவிட்டால் அவன் மனசு ஆறவில்லை.

சனிக்கிழமை தோறும் அவள் கோதுமை வேகவைத்து, தேனும் திராட்சையும் போட்டுக் கொண்டுபோய்க் கல்லறை மேட்டில் வைத்தாள். பக்கத்துக் கல்லறைகளில் வைத்த சோற்றை, வைத்தவர்கள் முதுகைத் திருப்புவதற்குள் சின்னக் குருவிகள் கொத்திக்கொண்டு போயின. ஹூவோட்டியின் மேட்டுக்கு ஒரு குருவி வரவில்லை. அந்தக் கறுப்புச் சேவலைக் கண்டு பயந்தனவோ என்னவோ. அடுத்த சனிக்கிழமை போய்ப் பனியைத் துடைத்தால், கோதுமை மணி மணியாக அப்படியே உறைந்து கிடக்கும். அவள் அதைக் கையால் அள்ளி ஓரமாகக் கொட்டிவிட்டுப் புதிதாக வைப்பாள். உயிரோடு இருந்தபோதும் இப்படித்தான், எனக்காக ஒரு நாளும் ஒரு வாய் சாப்பிட்டதில்லை என்று முணுமுணுத்துக்கொள்வாள். பிறகு அப்படிச் சொன்னதற்காக வாயில் அடித்துக்கொள்வாள்.

கருஞ்சேவல்கள் வர ஆரம்பித்தது அப்போதுதான். இடுகாட்டின் ஓரத்தில் நாலைந்து பிர்ச் மரங்கள் உண்டு. அங்கே கிளை ஒடிக்கக்கூடாது, பழம் பறிக்கக்கூடாது, துப்பாக்கியை நினைக்கவே கூடாது. முதல் பனி விழுந்த மறுநாள் காலை அந்த மரங்கள் கறுத்துக் கிடந்தன. கிளைக்குக் கிளை சேவல்கள். ஏரியைச் சுற்றியிருந்த கூட்டமெல்லாம் அங்கே வந்து சேர்ந்துவிட்டது. வயலோரத்து மரங்களில் வேட்டைக்காரர்கள் தங்கள் பொய்ச்சேவல்களைக் கட்டிவிட்டு விரல் விறைக்கக் காத்திருந்தார்கள். ஒரு இறகுகூட அந்தப் பக்கம் வரவில்லை.

ஏரியில் பனியை உடைத்துத் தண்ணீர் மொள்ளும் இடத்தில் சிமானா என்ற வேட்டைக்காரன் அவளை நிறுத்தினான்.

"நாஸ்தோ, உன் வீட்டுக்காரன்கிட்ட சொல்லி எங்களுக்கும் ரெண்டு அனுப்பச் சொல்லேன். பூராத்தையும் அவனே வளைச்சு வச்சிருந்தா நாங்க என்ன பண்றது?"

"அவரு இருந்தப்ப நீயே கேட்டிருக்கலாமே. அப்ப வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துது?"

சிமானா சிரித்தான். ஆனால் சிலுவை போட்டுக்கொண்டுதான் வாளியைத் தூக்கினான்.

பறவை வந்ததுகூடப் பரவாயில்லை. பொய்ச்சேவல் திரும்ப ஆரம்பித்தது. அடக்கத்தன்று தெப்பானா அதைக் கிழக்கு பார்த்து வைத்திருந்தான். ஒரு காலையில் அது மேற்கு பார்த்தது. இன்னொரு காலையில் கோயிலைப் பார்த்தது. திரும்பும்போது யாரும் பார்த்ததில்லை. வந்து பார்க்கும்போது திரும்பியிருக்கும். நாலு ஆணி அடித்து இறுக்கினேன், பொய்யென்றால் கையை வெட்டிக்கொள்கிறேன் என்று தெப்பானா சத்தியம் செய்தான். வடக்குக் காற்று அடித்த ஒரு வாரம் முழுக்க அது நாஸ்தோவின் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த வாரம் அவள் அந்தப் பக்கத்து ஜன்னலுக்குத் துணி கட்டினாள். பிறகு அந்தத் துணியின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள்.

பயமாக இருந்தது என்பது பாதி உண்மை. மீதிப் பாதியை அவள் யாரிடமும் சொல்லவில்லை. காலையில் அவள் இடுகாட்டுக்குப் போனால் மொத்தக் கூட்டமும் சடசடவென்று எழுந்து பறக்கும், ஒன்று மட்டும் பறக்காது. இடது பக்கத்து வால் வளைவில் ஒரு இறகு இல்லாத சேவல். அது கிளையிலேயே இருந்து, கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து அவளைப் பார்க்கும். அவள் பேசுவாள். பசு பால் குறைத்துவிட்டது, கூரையில் ஒழுகுகிறது, உன் தம்பி உன் பூட்ஸைக் கேட்கிறான் என்றெல்லாம் பேசுவாள். அது கேட்கும். ஆனால் அவள் எவ்வளவு நேரம் நின்றாலும் இறங்கி வந்து கோதுமையைத் தொடாது. கால் மரத்துப்போய் அவள்தான் திரும்ப வேண்டியிருக்கும். இறங்கி வராதே என்று சொன்னவள் அவள்தானே. சொன்னபடி கேட்கிறான் என்று நினைத்துக்கொள்வாள். உயிரோடு இருந்தபோது ஒரு சொல் கேட்காதவன்.

ஆறாம் வாரம் வந்தது. அதுவரை செத்தவன் வீட்டைச் சுற்றிக்கொண்டிருப்பான். அன்றைக்கு மேஜையில் விருந்து வைத்து, ஜன்னல் வழியாக வெள்ளைத் துணி தொங்கவிட்டு, அழுது அனுப்பிவைக்க வேண்டும். செத்தவனுக்குப் பதிலாகத் தெப்பானா அண்ணனின் கோட்டைப் போட்டுக்கொண்டு அண்ணனின் இடத்தில் உட்கார்ந்தான். கோட்டுக்குள் இன்னொரு தெப்பானா இருக்கலாம், அவ்வளவு தொளதொள. மாத்ரோ அத்தை ஒப்பாரியை எடுத்துக் கொடுத்தாள். ஒப்பாரியில் செத்தவன் பெயரைச் சொல்லக்கூடாது. என் கதிரே, என் நிழல் மரமே என்றுதான் கூப்பிட வேண்டும். செத்தவர்களுக்கு விளங்குகிற ஒரே பேச்சு அதுதான், அதுவும் பெண்டாட்டி வாயிலிருந்து வர வேண்டும். இல்லையென்றால் அவனுக்குப் போகிற வழி தெரியாது.

மாத்ரோ ஒரு அடி பாடிவிட்டு நாஸ்தோவைப் பார்த்தாள். நாஸ்தோ மேஜையைப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. மறுபடி பாடினாள், மறுபடி பார்த்தாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

"அழுடி. ஆறு வாரமா நெஞ்சுல கல்லைக் கட்டிக்கிட்டு நிக்கிறியே. அழுதுதான் விடேன்."

"வரல அத்தை."

"வரலையா, விட மனசு வரலையா?"

ஜன்னலில் தொங்கிய துணியைச் சுருட்டி எடுத்துவிட்டார்கள். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு, வாசலில் கூடக் குரல் உயர்த்தாமல் போனார்கள்.

அதற்குப் பிறகு ஊர் பொறுக்கவில்லை. செத்தவன் போகாமல் நின்றால் மற்ற வீட்டுச் செத்தவர்களும் எழுந்துவிடுவார்கள் என்று பெண்கள் சொன்னார்கள். குளிர்காலத்துக்குக் கறி இல்லை என்று ஆண்கள் சொன்னார்கள். தெப்பானா தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு வந்து நின்றான்.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. அந்தச் சேவலை எடுத்துடலாம். நீங்க எடுக்கலைன்னா சிமானா எடுக்கப் போறான். அவன் கோடரியோட பேசிட்டுத் திரியறான்."

"உன் அண்ணனைக் கம்பத்துலேர்ந்து கீழ தள்ளலாம்னு சொல்றே."

"அண்ணன் அங்க இருக்காரா இல்லையான்னே தெரியாதே அண்ணி. இருந்தா உங்க சோத்தைத் தின்னிருப்பாருல்ல?"

அது சுருக்கென்று தைத்தது. அவன் குத்திக்காட்டச் சொல்லவில்லை, பாவம், அவனுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அதனால்தான் அவ்வளவு வலித்தது.

"யாரும் தொட வேண்டாம். நானே எடுக்கிறேன்" என்றாள்.

பட்டப்பகலில் போனாள். ஒரு மரக்கட்டையைப் போட்டு ஏறி, சேவலை இரண்டு கையாலும் பிடித்தாள். ஆறு வாரத்தில் முதல் தடவையாகத் தொடுகிறாள். பிடித்த வேகத்தில் அது அவள் கைக்குள் மெல்லத் திரும்பியது. உயிர் போய் உயிர் வந்தது அவளுக்கு. கட்டையிலிருந்து விழாமல் கம்பத்தைக் கட்டிக்கொண்டாள். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே இழுத்தாள். சேவல் கழன்று வந்தது.

தெப்பானா அடித்த நாலு ஆணியும் கீழே கழித்துண்டில் பத்திரமாக இருந்தன. அவன் கழியின் நுனியை அறுத்து அப்படியே கம்பத்தில் அடித்திருக்கிறான். சேவலைத் தனியாகக் கழற்றிப் பார்க்கவில்லை. சேவலின் வயிற்றில் ஒரு துளை. துளைக்குள் எலும்பு வளையம், வழவழவென்று இழைத்தது. உள்ளே மீன்கொழுப்பு கெட்டியாகப் பூசியிருந்தது. காற்று விடாமல் அடித்தால் மெதுவாகத் திரும்பும், அவ்வளவுதான். உயிருள்ள சேவல் காற்றை எதிர்த்துத்தான் உட்காரும். காற்றுக்கு முதுகு காட்டும் பொய்ச்சேவலைப் பார்த்தால் கூட்டம் மிரண்டு போகும். மற்றவர்கள் காற்று மாறும்போதெல்லாம் மரமேறித் திருப்பி வைத்தார்கள். ஹூவோட்டியுடையது தானே திரும்பிக்கொண்டது. அதனால்தான் அதைத் தம்பியைக்கூடத் தொடவிடாமல் சாக்கில் கட்டியே கொண்டுபோவான். அதனால்தான் ஊரில் யாருக்கும் கிடைக்காத பறவை அவனுக்குக் கிடைத்தது.

நாஸ்தோ கல்லறை மேட்டில் உட்கார்ந்து சிரித்தாள். சிரிப்பு முடிந்ததும் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. இத்தனை நாள் துணியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது ஒரு விரல் மீன்கொழுப்பையா? காற்றோடா இவ்வளவு நாள் கண்ணாமூச்சி ஆடினாள்? அவன் வீட்டைப் பார்க்கவில்லை. அவன் எதையுமே பார்க்கவில்லை. இது வெறும் கட்டை. மேலே இருப்பவை வெறும் பறவைகள். அவன் போயே போய்விட்டான், ஒரு வாய்கூடத் தின்னாமல், ஒரு சொல்லும் மன்னிக்காமல்.

நேராகத் தெப்பானா வீட்டுக்குப் போனாள்.

"நாளைக்குக் காலையில வயலோரத்துல இதைக் கட்டு. நீ சுத்திப் போய்க் கூட்டத்தைக் கிளப்பி விடு. நான் குடிசையில உட்கார்றேன்."

"நீங்களா? துப்பாக்கியோடயா?"

"எங்க அப்பா வீட்டுல அணிலைச் சுட்டவ நான். கோழி அணிலைவிடப் பெரிசுதானே?"

தெப்பானா வாயைப் பிளந்தான். பிறகு மெல்லச் சொன்னான். "அண்ணன் விழுந்த மரத்துல நான் ஏற மாட்டேன் அண்ணி."

"பக்கத்து மரத்துல கட்டு."

விடியற்காலை காற்று தெற்கிலிருந்து வந்தது. ஹூவோட்டி கட்டிய கிளைக்குடிசைக்குள் அவனுடைய ஒற்றைக்குழல் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு நாஸ்தோ உட்கார்ந்திருந்தாள். அவன் உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளமான இடம் அவளுக்குப் பெரிதாக இருந்தது. உச்சியில் பொய்ச்சேவல் மெதுவாகத் தெற்கு பார்த்துத் திரும்பியது. இப்போது பயமில்லை. எப்படி என்று தெரிந்துவிட்டால் எதுதான் பயமாக இருக்கிறது?

தூரத்தில் தெப்பானா கையைத் தட்டும் சத்தம் கேட்டது. இடுகாட்டுப் பக்கம் கறுப்பாக ஒரு மேகம் எழுந்தது. ஆனால் வயலோரம் வரவில்லை. ஏரிக்கு மேலாக ஒரு வட்டம் அடித்து அக்கரைக் காட்டுக்குள் போய்விட்டது. ஒன்று மட்டும் பிரிந்து வந்தது. தனியாக, அவசரமில்லாமல் வந்து, பொய்ச்சேவலுக்குப் பக்கத்துக் கிளையில் இறங்கியது. இடது வால் வளைவில் ஒரு இறகு இல்லை.

அது பொய்ச்சேவலைப் பார்க்கவில்லை. கழுத்தைச் சாய்த்துக் கீழே குடிசையைப் பார்த்தது. கிளைகளுக்கு நடுவே அவள் கண் தெரிந்திருக்க முடியாது. ஆனாலும் அவளைத்தான் பார்த்தது. அவள் குழலைத் தூக்கினாள். கிளை உரசிச் சத்தம் கேட்டது. வேறு எந்தச் சேவலாக இருந்தாலும் பறந்திருக்கும். இது பறக்கவில்லை.

"போயேன்" என்றாள் நாஸ்தோ. வாய்விட்டே சொன்னாள். "வெறும் பறவைன்னா பறந்து போயேன்."

அது போகவில்லை. நீ பறவையாகவே செத்துப்போ, எனக்கு நிம்மதியாவது கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டு சுட்டாள்.

வீட்டுக்கு வரும்வரை அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. மனசு லேசாக இருந்தது என்றுகூடச் சொல்லலாம். தெப்பானா சேவலின் காலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்து நல்ல கனம் என்றான். சாயங்காலம் கறி சாப்பிட வருகிறேன் அண்ணி, அண்ணன் பேரைச் சொல்லி ஒரு வாய் சாப்பிடுவோம் என்றான். வா என்றாள். அடுப்பில் பானையை ஏற்றினாள். முற்றத்து வெளிச்சம் விழும் ஜன்னலோரம் உட்கார்ந்து, சேவலை மடியில் போட்டு இறகைப் பிடுங்கினாள். பிறகு கழுத்தடியில் இரை சேரும் பையைக் கத்தியால் கீறினாள்.

குளிர்காலத்துச் சேவலின் பையில் பிர்ச் மொட்டுதான் இருக்கும். எத்தனை கீறியிருப்பாள், இருட்டில்கூடச் சொல்வாள். மேலாகக் கொஞ்சம் மொட்டு இருந்தது. அதற்கு அடியில் கறுப்பாக, ஊறி உப்பி, தேன் வாசனையோடு இருந்தது உலர்ந்த திராட்சை.

பை நிறையத் திராட்சை. கோதுமை ஒரு மணிகூட இல்லை.

நாஸ்தோ கத்தியைக் கீழே வைத்தாள். சனிக்கிழமை தோறும் பனியைத் துடைத்தபோது கல்லறையில் கிடந்தது அவள் கண்முன் வந்தது. மணி மணியாகக் கோதுமை. வெறும் கோதுமை. அதில் ஒரு திராட்சைகூட இருந்ததில்லை. அவள் பார்த்தாள், அள்ளிக் கொட்டினாள், ஆனால் பார்க்கவில்லை. எத்தனை வருஷம் அந்தச் சட்டியை அந்தக் கோலத்தில் பார்த்துத் திட்டியிருக்கிறாள்! கல்லறையில் பார்த்தபோது தெரியவில்லையே. கோதுமை கிடந்ததால் அவன் தொடவில்லை என்று நினைத்தாளே. கோதுமை கிடந்தால்தானே அது அவன்.

சாயங்காலம் தெப்பானா கையைத் தேய்த்துக்கொண்டு உள்ளே வந்தான்.

"அண்ணி, கறி வெந்துதா?"

அடுப்பு அணைந்திருந்தது. பாதி பிடுங்கிய சேவல் அவள் மடியில் இருந்தது. அவள் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். தெப்பானா குனிந்து பார்த்தான். கொஞ்ச நேரம் அவனுக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது, அவனும் அந்த வீட்டில் அந்தச் சட்டியைப் பார்த்து வளர்ந்தவன்தான். தொப்பியைக் கழற்றிக்கொண்டு சுவரோரம் போய் நின்றுவிட்டான்.

"சாப்பிட்டிருக்காரு தெப்பானா" என்றாள் நாஸ்தோ. "வாரா வாரம் சாப்பிட்டிருக்காரு."

அப்புறம்தான் அது வந்தது. முதலில் குரல் மட்டும், பிறகு சொல். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. மூன்று வீடு தள்ளி மாவு பிசைந்துகொண்டிருந்த மாத்ரோ அத்தைக்குக் கேட்டது. கையில் மாவோடு ஓடிவந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள், உள்ளே வரவில்லை. இது அவள் சேர்ந்து பாடக்கூடிய அழுகை இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

"என் கதிரே, என் நிழல் மரமே, இறங்கி வராதேன்னு சொன்னேனே. சொன்ன வாய் வேகலையே. நான் போற வரைக்கும் பொறுத்திருந்து, நான் வச்சதைத் தின்ன நீ இறங்கி வந்திருக்கியே. கோவத்தை மறந்து வந்திருக்கியே. கூப்பிடற பறவை கூப்பிட்டுதுன்னு இன்னிக்கு என்கிட்டயும் வந்தியே. போன்னு சொன்னப்பக்கூடப் போகாம உட்காந்திருந்தியே. என் கையாலயே உன்னை..."

மிச்சத்தை அவள் முடிக்கவில்லை. மாத்ரோ வாசலில் நின்றபடி தலைத்துணி ஓரத்தால் வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் தெப்பானா கடப்பாரையால் உறைந்த மண்ணை இடித்துக் கொடுத்தான். சேவலை அண்ணன் கால்மாட்டில் வைத்தார்கள், திராட்சையையும் கூடவே. பொய்ச்சேவலை நாஸ்தோ அடுப்பில் போட்டாள். தார் பூசியது, வெகுநேரம் எரிந்தது. கருஞ்சேவல்கள் வயலோரத்து மரங்களுக்குத் திரும்பின. ஊரில் எல்லார் வீட்டிலும் கறி வெந்தது. நாஸ்தோ வீட்டுக்கு மட்டும் யாரும் ஒரு துண்டு அனுப்பவில்லை. அந்த மரியாதை அவர்களுக்குத் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை அவள் வழக்கம்போல் கோதுமை வேகவைத்தாள். தேன் விட்டாள். கடையில் இருந்த திராட்சை முழுவதையும் வாங்கிப் போட்டாள். கல்லறை மேட்டில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். கம்பத்தில் பறவை இல்லாததால் சின்னக் குருவிகள் பயமில்லாமல் இறங்கின. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்வதற்குள் தின்று முடித்துப் பறந்துவிட்டன. கிட்டே போய்ப் பார்த்தாள். மண்டியிட்டுப் பனியை விலக்கியும் பார்த்தாள்.

ஒரு கோதுமைகூட மிச்சமில்லை. அவன் போய்விட்டான் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.